60, 70, 80... மலை ரோட்டில் எந்த வயது வரை கார் ஓட்டலாம்? சாவியை வாங்கி வைப்பது யார்?

ஊட்டி,-

கார் ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். இது பள்ளிக்கூட பிள்ளைக்கும் தெரியும். எந்த வயதோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். காரணம், இந்தியாவில் சட்டத்தில் அப்படி ஒரு வயதே கிடையாது. டாக்டர் சர்டிபிகேட்டும் லைசென்சும் கையில் இருந்தால் 85 வயது தாத்தாவும் குன்னூர் மலைப்பாதையில் ஜம்மென்று காரை இறக்கலாம். யாரும் தடுக்க முடியாது.

சரி, அவரால் முடியவில்லை என்றால் யார் சொல்வது? ஆர்.டி.ஓ.வா? டாக்டரா? போலீசா? இல்லை, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனா? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வீடுகளில் சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை இது.

கார் போனால் காலே போச்சு

நீலகிரி ஒரு வகையில் பென்சன்காரர்கள் மாவட்டம். வெலிங்டனில் ராணுவ பயிற்சி கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் இருப்பதால் ரிட்டயர் ஆன ராணுவ அதிகாரிகள் பலர் குன்னூர் பக்கமே வீடு கட்டி தங்கிவிட்டனர். அருவங்காடு வெடிமருந்து தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், எஸ்டேட்டுகளில் மேனேஜராக இருந்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று வரிசை நீளும். பிள்ளைகள் படித்து முடித்து கோவை, சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். பெரிய வீட்டில் வயதான கணவனும் மனைவியும் மட்டும்.

இவர்கள் வீடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்காது. மெயின் ரோட்டில் இருந்து பிரிந்து, தேயிலை தோட்டத்துக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ரோட்டில்தான் இருக்கும். படுகர் ஹட்டிகளிலும் அப்படித்தான். பஸ் உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்கு இல்லை. கடைசி பஸ்சை விட்டால் ஏற்றத்தில் நடக்க வேண்டும். மூட்டு வலிக்காரரால் நடக்க முடியுமா? 2024-ம் ஆண்டு முதல் மலைப்பகுதி சாதாரண பஸ்களிலும் பெண்களுக்கு இலவச பயணம் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போய்ச்சேர வேண்டுமே!

கீழே கோவையில் ஒருவர் கார் ஓட்டுவதை நிறுத்தினால் போனை எடுத்து ஆட்டோ கூப்பிடுவார். மலையில் நிறுத்தினால் மாத்திரை வாங்க, பேங்குக்கு போக, குன்னூர் லாலி ஆஸ்பத்திரியில் ரத்த பரிசோதனைக்கு போக, எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டும். மனைவிக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது என்பதுதான் பல பெரியவர்கள் சாவியை விடாமல் இருப்பதற்கு சொல்லும் காரணம். அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ரோடு சும்மா விடாது

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி தலைகுந்தாவில் இருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி பாதையில் 36. இந்த ரோட்டில் வண்டி ஓட்டுவது உடம்பு முழுவதும் செய்யும் வேலை. வளைவில் திரும்பும்போது கழுத்தை நன்றாக திருப்பி மேலே பார்க்க வேண்டும். கழுத்து எலும்பு தேய்ந்தவருக்கு அந்த பக்கம் வரும் பஸ் கடைசி நொடியில்தான் தெரியும். ஏற்றத்தில் வண்டி நின்றால் கிளட்சை பாதியில் பிடித்து, பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். இடது முட்டி வலி உள்ளவர் ஒரு நொடி தாமதித்தால் வண்டி பின்னால் உருளும். ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது மலை ரோட்டு விதி. வழி விட வேண்டும் என்றால் சில நேரம் பள்ளத்தின் ஓரமாக ரிவர்சும் எடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார் வாங்கி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். முட்டிக்கு நல்லதுதான். ஆனால் இறக்கத்தில் லோ கியரில் போடாமல் டிரைவிலேயே விட்டால் முழு பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகி பிடிக்காமல் போகும். 40 வருஷம் இரண்டாவது கியரில் இறங்கி பழகியவருக்கு 72 வயதில் புது பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது.

அப்புறம் மூடுபனி. வயது ஏற ஏற கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் தேவைப்படும். எதிர் வண்டி ஹெட்லைட் அடித்தால் பழையபடி பார்வை திரும்ப நேரம் பிடிக்கும். கண்புரை இருந்தால் லைட்டை சுற்றி பூப்பூவாக தெரியும். பனிக்குள் நிற்கும் காட்டெருமை கருப்பாக இருக்கும், ரோடும் கருப்பாக இருக்கும். கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய் இன்னும் மோசம். நேர் பார்வை நன்றாக இருக்கும், பக்கவாட்டு பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக போகும். போவது அவருக்கே தெரியாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வண்டி எடுத்தால் சர்க்கரை இறங்கி கண் இருட்டும். தூக்க மாத்திரை மட்டும் இல்லை, சில சளி மாத்திரைகளும் காலையில் தூக்க கலக்கத்தை கொடுக்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலையில் பெரிய விபத்து என்றால் அதற்கு உள்ளூர் பெரியவர்தான் காரணம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2018-ம் ஆண்டு அக்டோபரில் கல்லட்டியில் கார் பள்ளத்தில் விழுந்து 5 பேர் பலியானார்களே, அவர்கள் சென்னையில் இருந்து வந்தவர்கள். 2023-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி குன்னூர் மரப்பாலம் அருகே கவிழ்ந்து 9 பேரை பலிகொண்டது தென்காசி மாவட்டத்தில் இருந்து வந்த சுற்றுலா பஸ். மலையை தெரியாதவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். உள்ளூர் பெரியவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். குடித்துவிட்டு ஓட்டமாட்டார், பறக்கமாட்டார். ஆனால் ரோடு மனப்பாடமாக இருந்தால் மட்டும் போதாது. அதே வளைவில் புதிதாக ஒரு லாரி நிற்கும்போது கால் பிரேக்குக்கு போகிற வேகம் வேண்டும். சின்ன மோதலில் 30 வயதுக்காரர் தட்டிவிட்டு எழுவார், 75 வயதுக்காரருக்கு இடுப்பு எலும்பு முறியும்.

5 வருஷத்துக்கு ஒரு கையெழுத்து

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டப்படி முன்பெல்லாம் சொந்த வண்டி லைசென்சு 20 வருஷம் அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடியது. அதற்கு மேல் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2019-ம் ஆண்டு திருத்தத்தில் இது மாறியது. இப்போது 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை, 30-ல் இருந்து 50-க்குள் எடுத்தால் 10 வருஷம், 50-ல் இருந்து 55-க்குள் எடுத்தால் 60 வயது வரை, 55-க்கு மேல் என்றால் 5 வருஷம்.

கடைசி வரியை கவனியுங்கள். 56 வயதுக்காரருக்கும் 5 வருஷம். 80 வயதுக்காரருக்கும் அதே 5 வருஷம். 80 வயதில் புதுப்பித்தவருக்கு 85 வரை ஒரு கேள்வியும் கிடையாது. அந்த 5 வருஷத்தில் மனித உடம்பில் என்னென்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

40 வயதை தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது படிவம் 1-ஏ என்ற டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அதில் இருக்கும் கேள்விகள் உண்மையிலேயே நல்ல கேள்விகள். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டை படிக்க முடிகிறதா? மாலைக்கண் இருக்கிறதா? ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா? இவற்றையெல்லாம் பார்த்துத்தான் டாக்டர் கையெழுத்து போட வேண்டும்.

ஆனால் 25 மீட்டர் நீளத்துக்கு எந்த கிளினிக்கில் இடம் இருக்கிறது? 'ஒரு கையெழுத்துதானே டாக்டர்' என்று 20 வருஷ பழக்கத்தில் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மனசு வருமா? டாக்டர் நன்றாகவே சோதித்தாலும் அவர் பார்ப்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரைத்தான். ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கும் மனிதரை அவர் பார்ப்பதில்லை. மறதி நோய் ஆரம்ப கட்டத்தில் இருப்பவர் கிளினிக்கில் ஊர் கதை எல்லாம் நன்றாக பேசுவார். சேரிங்கிராசில் எந்த பக்கம் திரும்புவது என்பதுதான் அவருக்கு திடீரென்று மறந்து போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லைசென்சு காலாவதி ஆகி ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பித்து கொடுப்பார்கள். ஒரு வருஷத்தை தாண்டிவிட்டால்தான் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் வண்டி ஓட்டி காட்ட வேண்டும். அதாவது ஒழுங்காக தேதி பார்த்து புதுப்பிக்கும் 80 வயதுக்காரர் ஓட்டுவதை ஒருவரும் பார்ப்பதில்லை. மறந்துபோய் லேட்டாக வருகிறவருக்கு மட்டும்தான் டெஸ்ட்!

யாருக்கும் தெரியாத 16-வது பிரிவு

ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகன சட்டம் 16-வது பிரிவில் எழுதியிருக்கிறது. நோயாலோ, உடல் குறையாலோ ஒருவர் வண்டி ஓட்ட தகுதி இழந்துவிட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசென்சு தரும் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் அந்த லைசென்சை ரத்து செய்யலாம். அல்லது புதிதாக டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா என்று கேட்கலாம். 5 வருஷம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ரத்து செய்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 30 நாளில் அப்பீல் செய்யலாம்.

இந்த பிரிவில் வயது என்ற வார்த்தையே கிடையாது. நோய், உடல் குறை, அவ்வளவுதான். வயதானவர் என்பதற்காக மட்டும் யாருடைய லைசென்சையும் பிடுங்க முடியாது. அது சரியும்கூட. கொச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ராதாமணி அம்மா 70 வயதை தாண்டிய பிறகும் லாரி, கிரேன் என்று ரகம் ரகமாக லைசென்சு வைத்திருந்து பேர் வாங்கியவர். 55 வயதில் சர்க்கரையால் கண் போனவர்களும் இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஆர்.டி.ஓ. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் ஒருவர் காரை அடிக்கடி கேட்டில் மோதுவது எப்படி தெரியும்? யாராவது சொன்னால்தான் தெரியும். டாக்டர் தானாக போய் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகன சட்டத்தில் விதி இல்லை. போலீசார் விபத்துக்கு பிறகுதான் வருவார்கள். மிச்சம் இருப்பது குடும்பம். பெற்ற அப்பா மேல் ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுத எந்த மகனுக்கு கை வரும்?

தனக்கு உடம்பு சரியில்லை, ஓட்டினால் ஆபத்து என்று தெரிந்தே ஓட்டினால் 186-வது பிரிவில் தண்டனை உண்டு. எவ்வளவு தெரியுமா? முதல் முறை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் போடாமல் போனாலும் ஆயிரம்தான்.

பென்சன் இல்லாதவர் கதை

வீட்டு கார் கதை இப்படி என்றால் வாடகை வண்டி கதை வேறு. அரசு பஸ் டிரைவருக்கு ரிட்டயர்மெண்ட் வயது இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் அவரே டூரிஸ்ட் வேனில் ஏறி உட்கார்ந்தால் தடுக்க சட்டம் இல்லை. லைசென்சு இருந்தால் போதும். அந்த லைசென்சையும் முன்பு 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தார்கள். 2019 திருத்தத்தில் அது 5 வருஷம் ஆகிவிட்டது. பயணிகளை ஏற்றுகிறவருக்கு டாக்டர் சோதனை குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பச்சை தேயிலை ஏற்றும் பிக்கப், கூடலூர், பந்தலூர் பக்கம் ஓடும் ஜீப், ஊட்டி டாக்சி ஸ்டாண்டு இவற்றில் எல்லாம் 60-ஐ தாண்டியவர்களை சாதாரணமாக பார்க்கலாம். அவர்கள் நிறுத்தினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பார்வை மங்குகிறது என்று வெளியே சொன்னால் ஓனர் வண்டி கொடுக்கமாட்டார், அதனால் சொல்வதில்லை. அமைப்புசாரா ஓட்டுனர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் 60 வயதுக்கு மேல் மாத பென்சன் கேட்கலாம். அந்த பணத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பது வேறு விஷயம். பதிவே செய்யாதவர்களுக்கு அதுவும் இல்லை.

இளவரசரும் சாவியை கொடுத்தார்

இந்த தலைவலி நமக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப் 97 வயதிலும் தானே கார் ஓட்டினார். 2019-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி சாண்ட்ரிங்காம் அரண்மனை அருகே மெயின் ரோட்டில் ஏறும்போது இன்னொரு காரில் மோதி அவர் கார் கவிழ்ந்தது. அந்த காரில் 9 மாத குழந்தை இருந்தது. நல்லவேளை, அடி இல்லை. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. சூரிய வெளிச்சம் கண்ணில் அடித்ததால் கார் தெரியவில்லை என்று அந்த பெண்ணுக்கு பிலிப் கடிதம் எழுதினார். பிப்ரவரி 9-ந் தேதி தானாகவே லைசென்சை ஒப்படைத்தார். அந்த நாட்டிலும் உச்ச வயது கிடையாது. 70 வயதில் இருந்து 3 வருஷத்துக்கு ஒரு முறை, 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று எழுதி கொடுத்து புதுப்பிக்க வேண்டும்.

ஜப்பானில் நடந்தது பெரும் சோகம். அதே 2019-ம் ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ இகெபுகுரோ பகுதியில் 87 வயது முன்னாள் அரசு அதிகாரி ஓட்டிய கார் தறிகெட்டு ஓடி 31 வயது தாயையும் 3 வயது மகளையும் கொன்றது. காரில் கோளாறு என்று அவர் வாதாடினார். பிரேக்குக்கு பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் காரணம் என்று கோர்ட்டு சொல்லி 2021-ம் ஆண்டு 5 வருஷம் ஜெயில் தண்டனை விதித்தது. அந்த நாட்டில் 75 வயதுக்கு மேல் புதுப்பிக்க ஞாபக சக்தி டெஸ்ட் உண்டு. குறிப்பிட்ட சில விதிமீறல்களில் மாட்டிய 75 வயதுக்காரர்கள் 2022-ம் ஆண்டு முதல் வண்டி ஓட்டியும் காட்ட வேண்டும். தானாக லைசென்சை திருப்பி கொடுப்பவருக்கு ஒரு அட்டை தருகிறார்கள். அதை காட்டினால் பல ஊர்களில் பஸ், டாக்சி கட்டணத்தில் சலுகை. வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் பதிலுக்கு ஒன்று கொடுக்கவும் செய்கிறார்கள். இங்கே கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் குறை.

எதை முதலில் விடுவது?

ஒரே நாளில் சாவியை பிடுங்கினால் வீட்டில் போர்தான் நடக்கும். 'நான் ஓட்டி கூட்டிப்போய்தான் உன்னை ஸ்கூலில் சேர்த்தேன், எனக்கே நீ சொல்றியா?' என்ற ஒரு கேள்விக்கு எந்த பிள்ளையிடமும் பதில் இல்லை. விவரமான பெரியவர்கள் தாங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். முதலில் ராத்திரி ஓட்டுவதை விடுவார்கள். அப்புறம் பனி இறங்கும் நேரம். அப்புறம் மே மாத சீசன் கூட்டம். அந்த நேரத்தில் ஏறுவதற்கு குன்னூர் வழி, இறங்குவதற்கு கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை போட்டு, பழகிய ரோட்டையே மாற்றிவிடுவார்கள். அதற்கு பிறகு மலை இறங்குவது. கோவை ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும் என்றால் அன்றைக்கு மட்டும் டிரைவர் வைத்துக்கொள்வார்கள். கடைசியாக மிஞ்சுவது பகலில் பால் பூத், கோவில், மார்க்கெட். இதில் ஒவ்வொரு படியையும் அவரே முடிவு செய்ததாக இருந்தால் சண்டை வராது.

இதையெல்லாம் செய்யாதவர் வீட்டில் சில அடையாளங்களை பார்க்க வேண்டும். காரில் புதிது புதிதாக கீறல் விழுகிறது, கேட்டால் 'பார்க்கிங்கில் யாரோ இடிச்சிட்டான்' என்கிறார். பின்னால் வரும் வண்டிகள் சும்மா சும்மா ஹாரன் அடிக்கின்றன. பழகிய ஊரில் வழி தவறுகிறார். மருமகள் பேத்தியை தாத்தாவோடு காரில் அனுப்ப தயங்குகிறாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது. முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதுதான் சரி. கண்புரைதான் காரணம் என்றால் ஆபரேஷன் முடிந்து திரும்பவும் நன்றாக ஓட்டலாம். எல்லா சோதனையும் 'நிறுத்து' என்றே முடிவதில்லை. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அதை மகன் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் மரியாதையும் மிஞ்சும்.

கார் மகன் பெயரில் இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்சு காலாவதியான அப்பா அந்த காரை ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம். ஓட்ட விட்ட ஓனர் என்ற முறையில் மகனுக்கு 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். முன்பு காலாவதி ஆனபிறகு 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். விபத்து நடந்தால், 2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஸ்வரண் சிங் வழக்கில் சொன்ன வழியில், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு பணத்தை கொடுத்துவிட்டு ஓனரிடம் திரும்ப வசூலிக்க வாய்ப்பு உண்டு.

வண்டி ஓட்டாவிட்டாலும் அடையாள அட்டைக்காக லைசென்சை புதுப்பித்து வைத்திருப்பவர்கள் நிறைய பேர். ஆதாரும் வாக்காளர் அட்டையும் இருக்கும்போது அதற்கு அவசியம் இல்லை. வாடகை வண்டி ஓட்டுவதை மட்டும் விட்டுவிட நினைப்பவர் அந்த பிரிவை மட்டும் சரண்டர் செய்துவிட்டு சொந்த கார் லைசென்சை வைத்துக்கொள்ளலாம். இதற்கு பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் ஊட்டி வரைக்கும் வர வேண்டியதில்லை, கூடலூர் யூனிட் ஆபீசிலேயே விவரம் கேட்கலாம்.